மனநலப் பரிசோதனையில் ஊரையும் வழக்கத்தையும் ஏன் கேட்கிறார்கள்? நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியர்களும் உளவியலாளர்களும் கேட்கும் சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன். நான் இதே சீமையில் மனநல சமூகப் பணியாளராக இருப்பவள். சில பதில்களில் என் சொந்தக் கருத்தும் வரும். எடுத்துக்காட்டாக வரும் ஆட்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காய்ச்சல் என்று போனால் மாத்திரை எழுதித் தருகிறார்கள். மனநலப் பிரிவில் மட்டும் ஊர், குலசாமி, வீட்டு வழக்கம் எல்லாம் எதற்கு?

மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுப்பது தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை போன்றவை இதே மாதிரித் தொல்லைகளைத் தருகின்றனவா என்று பார்க்கத்தான். மற்றபடி நோயைக் கண்டுபிடிப்பது பேச்சை வைத்தும் நடத்தையை வைத்தும்தான். ஆள் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வீட்டிலும் தெருவிலும் எது சாதாரணம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கணவரைப் பறிகொடுத்த ஒரு ஆச்சி வந்திருந்தார். பதினாறு கழிந்த பிறகும் விடியற்காலையில் திண்ணையில் "அவுக இருமுத சத்தம் கேக்கு தாயி" என்றார். சத்தம் கேட்டதும் எழுந்து காப்பி போட அடுப்பைப் பற்ற வைக்கிறார். பாதியில் நினைவு வந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். இதை 'இல்லாத குரல் கேட்கிறது' என்று தாளில் எழுதி மாத்திரை கொடுத்தால் தவறாகப் போய்விடும். போனவர் கனவில் வருவதும், குரல் கேட்பதும், அவருக்குப் பிடித்ததைப் படைத்துக் கும்பிடுவதும் இங்கே துக்கத்தின் பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, துக்கம் நோயாகிவிட்டது என்று சொல்லக் குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதுவும் அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின் 2022 திருத்தம் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ஆனால் அந்த ஆச்சி சாப்பாட்டை நிறுத்திவிட்டாலோ, "அவுக என்னையும் கூப்பிடுதாக" என்று சொன்னாலோ, எந்த மாதக் கணக்கையும் பார்க்காமல் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 3-ஆம் பிரிவின்படி, ஒருவர் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், இந்த மதத்தவர் என்பதற்காகவோ, ஊரின் ஒழுக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது. சாதி மறுத்துத் திருமணம் செய்யப் பிடிவாதமாக இருக்கும் மகளை "புத்தி பேதலிச்சுப் போச்சு, அட்மிட் பண்ணுங்க" என்று கூட்டிவரும் பெற்றோருக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

யார் யாரெல்லாம் கேட்பார்கள்? ஒரே கதையை நாலு பேரிடம் சொல்ல வேண்டுமா?

மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என ஒரு குழுவாகப் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாரும் இருப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாமில் சில நாள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒருவரிடம் சொன்னதை அவர் எழுதி வைத்து மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டால் "அந்தம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்று தாராளமாகச் சொல்லலாம்.

என்னதான் கேட்பார்கள்?

டிஎஸ்எம்-5 கையேடு 2013-இல் வந்தபோது, இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறையைச் சேர்த்தார்கள். யாரிடமும், எந்த நாட்டிலும் கேட்கலாம். எங்கள் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: உங்களுக்கு என்ன செய்யுது? இதையே உங்க வீட்டு ஆட்கள்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க? இதுல உங்களை ரொம்பப் படுத்துறது எது? இது எதனால வந்துச்சுன்னு நினைக்கீங்க? வீட்டுல மத்தவங்க என்ன சொல்லுதாங்க? இதுவரைக்கும் எங்கெல்லாம் போய்ப் பார்த்தீங்க, எதுல கொஞ்சம் குணம் தெரிஞ்சுது? எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கீங்க? அந்தப் பதினாறில் கடைசியாக வருவது எனக்கு மிகவும் பிடித்தது. டாக்டரும் நோயாளியும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாமல் போகலாம். அந்தக் கவலை உங்களுக்கு இருக்கிறதா என்று நேராகவே கேட்கச் சொல்கிறார்கள்.

இத்தனையும் கேட்க நேரம் எங்கே என்று புதிதாக வரும் பணியாளர்கள் கேட்பார்கள். புறநோயாளிப் பிரிவின் கூட்டம் எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் 'எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்', 'இதுவரை எங்கே போனீர்கள்' என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். செய்வினை என்று நினைப்பவர் அதை எடுக்கத்தான் அலைவார். அது தெரியாமல் நீங்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரை தகர டப்பாவில் கிடக்கும்.

"மேலெல்லாம் எரியுது, நெஞ்சு படபடங்குது" என்று சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். உடம்பு நோயைப் பைத்தியம் என்கிறார்களா?

இல்லை. மனசு உடைந்தவர்களில் பலர் உடம்பைத்தான் முதலில் சொல்கிறார்கள். உச்சந்தலையில் எரிச்சல், கை கால் குடைச்சல், வயிற்றில் காற்று ஏறுவது, "மேலுக்குச் சொகமில்லை". அவர்கள் நடிக்கவில்லை, எரிச்சல் எரிச்சல்தான். ஆகவே உடம்பையும் பார்க்க வேண்டும், மனசையும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு அனுப்புவது அரைகுறை வேலை.

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பீடி சுற்றும் அக்காவின் கதையைச் சொல்கிறேன். மாதக்கணக்காக எரிச்சலுக்கும் வாய்வுக்கும் மருந்து சாப்பிட்டிருந்தார். "மனக்கவலை உண்டா?" என்று கேட்டால் "கவலை யாருக்குத்தான் இல்லை" என்று முடித்துவிடுவார். படிவத்தில் இருக்கும் 'வேலையில் கவனம் குறைந்திருக்கிறதா' என்ற கேள்விக்கும் இல்லை என்றார். "முன்னே நாளைக்கு எத்தனை பீடி சுத்துவீங்க, இப்போ எத்தனை?" என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. முன்பு ஆயிரம் சுற்றியவர் இப்போது முந்நூறைத் தாண்டவில்லை. இலை வெட்டும்போது கத்தரி கையிலேயே நின்றுவிடுகிறது, தூளை அள்ளிவிட்டு எதற்கு அள்ளினோம் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே எப்போதிருந்து குறைந்தது என்பது சம்பளச் சீட்டிலேயே தெரிந்தது: மகள் கோபித்துக்கொண்டு போன மாதத்திலிருந்து. புகையிலைத் தூளால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும் என்பதால் அதையும், ரத்தசோகையையும் பார்த்த பிறகுதான் மனச்சோர்வு என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் தினமும் கையால் செய்யும் வேலையை விவரமாகக் கேளுங்கள் என்று புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். தீப்பெட்டி ஒட்டுபவர், பாய் நெய்பவர், கருப்பட்டி காய்ச்சுபவர், யாராக இருந்தாலும் சரி.

இளவட்டப் பையன்கள் சிலர் "தாது போயி உடம்பு வத்திப் போச்சு" என்று வருவார்கள். அது வெட்கத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல் பெரிதான பயம். சிரிக்காமல் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும். மீதிக்குக் கீழே பதற்றமோ சோர்வோ இருந்தால் அதற்கு மருத்துவம் உண்டு.

எங்கள் அப்பா சுடலைமாடன் கோயிலில் சாமியாடும் கோமரத்தாடி. சாமி வருவதை டாக்டர் நோய் என்று எழுதிவிடுவாரா?

எழுதக் கூடாது. வேறு மாநிலத்திலிருந்தோ, கொடை என்ற கோயில் திருவிழாவையே பார்க்காத ஊரிலிருந்தோ வந்த இளம் மருத்துவருக்கு "சாமி என் மேல் இறங்கும், நான் குறி சொல்லுவேன்" என்ற பேச்சு முதலில் திடுக்கென்று இருக்கலாம். அதற்காகத்தான் கேட்கச் சொல்கிறோம்.

கொடைக்கு நாள் குறித்துக் கால் நாட்டி, விரதம் இருந்து, வில்லுப்பாட்டில் கதை ஏற ஏற, கணியான் கூத்தில் மகுடம் என்ற பறை அதிர அதிரத்தான் சாமி வரும். வந்தவர் ஆடுவார், நடுச்சாமத்தில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய் வருவார், ஊருக்கு வாக்குச் சொல்வார், திருநீறு பூசுவார். சாமி மலையேறியதும் சோர்ந்து உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். மறுநாள் வயலுக்குப் போய்விடுவார். இதில் நோய் எங்கே இருக்கிறது? 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, ஆவேச நிலையை நோயாகச் சொல்வதற்கு நிபந்தனை வைத்திருக்கிறது. அது ஆளின் விருப்பமில்லாமல் வர வேண்டும். அவருடைய பண்பாடோ மதமோ ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது. அவருக்குக் கடும் துன்பத்தையோ முடக்கத்தையோ தர வேண்டும்.

அதனால் நாங்கள் கேட்பது: எப்போது வருகிறது? எந்த இடத்தில்? எப்படி அடங்குகிறது? அடங்கிய பிறகு ஆள் எப்படி இருக்கிறார்? இவர் வீட்டில் இதற்கு முன்னால் யாருக்கு வந்தது?

ஒரு கோமரத்தாடியின் இளைய மகன் திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் "சாமி பேசுது" என்று சொல்ல ஆரம்பித்தான். ராத்தூக்கம் இல்லை. சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடுவான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ கெஞ்சுவான். சாமியாடும் குடும்பம்தானே என்று சொந்தக்காரர்கள் கொடை முடியட்டும் என்றார்கள். அப்பாதான் கூட்டிவந்தார். "இது எங்க சாமி இல்லம்மா. எங்க சாமி வந்தா ஊருக்கு வாக்குச் சொல்லும். பிள்ளையைத் திங்க விடாம அடிக்காது" என்றார். அன்றைக்கு அந்த அறையில் இதைப் பிரித்துச் சொல்லும் தகுதி அதிகம் இருந்தவர் அவர்தான். மருந்தும் தொடங்கியது, கொடையும் நடந்தது.

புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். அதற்கும் இதே பதில்தானா?

கொஞ்சம் வேறு. விருப்பமில்லாமல், வீட்டுக்குள்ளே, கண் செருகி விழுந்து, வேறு குரலில் பேசுகிற பெண்ணுக்கு உதவி வேண்டும். முதலில் வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம், பேய் என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். மருமகளாக இருந்து சொல்ல முடியாததை அந்தக் குரல் சொல்லிவிடுகிறது. நகைக்காகக் குத்திக் காட்டுவதை, கொழுந்தனின் பார்வையை, படிப்பை நிறுத்தியதை. வேப்பிலையால் அடித்து அந்தக் குரலை அடக்குவதைவிட, அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு பெண் பணியாளர் பேசினால் வேகமாகக் குணம் தெரியும். மிளகாய்ப் புகை போடுவது, சூடு வைப்பது இரண்டும் சித்திரவதை.

"கர்த்தர் என்னோடு பேசினார்", "ஜின் இருக்கு" என்பதெல்லாம்?

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத்து வரை ஜெபக் கூட்டத்துக்குப் போகும் ஒருவர் கர்த்தர் பேசினார் என்றால், பல சமயம் வசனம் வாசிக்கும்போது மனசில் உறுதி கிடைத்தது என்று அர்த்தம். அந்நிய பாஷை பேசுவதும் அப்படித்தான். சபைக்குள் அது வரம். மேலப்பாளையத்து உம்மா ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிவாசலில் ஓதும் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தேன் என்பார். அது தாயின் அக்கறை. "எந்த மாதிரிப் பேசினார்? காதில் விழுந்ததா, மனசில் பட்டதா? உங்க சபையில மத்தவங்களுக்கும் இப்படி உண்டா?" என்று கேட்டால் போதும். சபைக்காரர்களே "பிரதர் கொஞ்ச நாளா ஒரு மாதிரி பேசுதாரு" என்று சொன்னால், அந்தப் பேச்சைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விரதம், நோன்பு, மாலை போடுவது இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் திட்டுவாரே.

கட்டாயம் சொல்ல வேண்டும். திட்டினாலும் சொல்லுங்கள். இதை நான் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் போகிற விஷயம் இதில் இருக்கிறது.

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் நீரும் உப்பும் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். நோன்பு நாளில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது, வெயிலில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை நடப்பது, உப்பில்லாப் பத்தியம் இருப்பது எல்லாமே இதில் சேரும். கை நடுக்கம் கூடுதல், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குளறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்கூட்டியே சொன்னால் ரத்த அளவு பார்த்து, மருந்து நேரத்தை மாற்றி, சிலருக்கு வேறு மருந்து கொடுத்து வழி செய்வார்கள். சில மருந்துகளை இரவு ஒரே வேளையாக மாற்ற முடியும். இஸ்லாத்தில் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. அதை டாக்டர் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் சொன்னால் மனசு ஏற்கும். பல இமாம்கள் கேட்டால் சொல்லித் தருகிறார்கள்.

இன்னொன்று குடி. தினமும் குடிப்பவர் கார்த்திகையில் ஐயப்பனுக்கோ, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கோ மாலை போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவார். நல்ல முடிவு, வீடே சந்தோஷப்படும். முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் ஆள் குழம்பி, பூச்சி ஊருகிறது, யாரோ நிற்கிறார்கள் என்று கத்தலாம். மாலை போட்ட ஆள் இப்படிச் செய்தால் "சாமி சோதிக்குது" என்று வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது மதுவை நிறுத்தியதால் வரும் குழப்பநிலை, மருத்துவ அவசரம். மாலை போடுவதற்கு முன் ஒரு நடை ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்தோடு நிறுத்தினால், விரதமும் நிலைக்கும், உயிருக்கும் பயமில்லை.

தசரா நேரத்தில் காளி வேஷம் போட்டுக் காணிக்கை எடுப்பவரை, முடியை விரித்துப் போட்டுத் தெருவில் போகிறார் என்பதற்காக யாரும் நோயாளியாகப் பார்க்க மாட்டார்கள். வெளியூர்ப் பணியாளர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புளியம்பட்டிக்கோ உவரிக்கோ பொட்டல்புதூருக்கோ கூட்டிப் போகலாமா?

போகலாம். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். புளியம்பட்டி அந்தோணியார், உவரி அந்தோணியார், ஆத்தங்கரைப் பள்ளிவாசல், பொட்டல்புதூர் தர்கா, சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னதி என்று மதம் பார்க்காமல் எல்லாரும் போகிற இடங்கள் இங்கே நிறைய. அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த நிம்மதியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய, மனநோய் உள்ள 31 பேரைக் கவனித்தார்கள். பலத்த நோய் உள்ளவர்களே அதிகம். தங்கியிருந்த வாரங்களில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. விரட்டல் இல்லை, கட்டாயம் இல்லை. ஆதரவான இடமாக இருந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. அதை வைத்து மருந்தை நிறுத்தக் கூடாது.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை யாரும் மறக்கவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணிலும் கட்டக் கூடாது. கட்டிப்போட்டால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலை வந்தால், அதுவே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நேரம்.

சித்த வைத்தியம் பார்ப்பவர்கள் லேகியம், பஸ்பம் எதுவானாலும் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர் இது. அதைக் கேவலமாகப் பேசும் பணியாளர் இங்கே வேலை செய்ய முடியாது. லேபிள் இல்லாத பொடிகளைத்தான் பயத்தோடு பார்க்கிறேன்.

"எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேட்கிறார்களே. சாதியைத் தெரிந்துகொள்ளத்தானா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. நம் பக்கத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் அதற்காகவே கேட்கப்படுகிறது. கேட்ட பிறகு குரல் மாறுவதை அனுபவித்தவர்கள் ஏராளம். சிகிச்சையில் சாதி, மதம், பால், வர்க்கம் எதை வைத்தும் வேறுபாடு காட்டக் கூடாது என்பது சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

ஆனால் சாதியால் பட்ட காயத்தை நாங்கள் கேட்காமல் விட்டால் நோயின் பாதியை விட்டதாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. "வயிறு வலிக்கு, ஸ்கூலுக்குப் போமாட்டேன்" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் வந்தால், குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்புவதற்கு முன் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருகிறான், கயிறு கட்டச் சொல்லி யாராவது மிரட்டுகிறார்களா, எந்தப் பட்டப்பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பையனின் சாதிப் பெயரே தேவையில்லை. அவன் படும் பாடு தெரிந்தால் போதும்.

பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர், உங்கள் சாதி என்ன என்று நோயாளியின் வீட்டார் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். 'நம்மாளு' என்ற உறவு அந்த அறையில் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்து வருபவருக்கு அந்த இடம் அந்நியமாகிவிடும்.

கூட வந்தவர்களை ஏன் வெளியே அனுப்புகிறார்கள்? நாங்கள் இல்லாமல் அவளுக்குப் பேசத் தெரியாது.

வீட்டார் சொல்வது எங்களுக்கு மிகவும் தேவை. அவர்களைத் தனியாக உட்கார வைத்தும் கேட்போம். ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளும், அண்ணாச்சி நிற்கும்போது தம்பியும், அப்பா இருக்கும்போது மகனும் உள்ளதைச் சொல்வதில்லை. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் சட்டம். பெண்களுக்குப் பெண் பணியாளர் வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள்.

பள்ளிக்கூடம் போகாத தாத்தாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். முடியவில்லை. மறதி நோயா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு படித்தவர்களை மனதில் வைத்துப் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம் அவர் வாழ்க்கையிலிருந்து கேட்க வேண்டும். "இது என்ன மாசம்?" என்றால் ஜூலை என்று சொல்லத் தெரியாதவர் ஆனி என்று சரியாகச் சொல்வார், நெல்லையப்பர் தேர் ஓடியாச்சா என்பதும் தெரியும். ஐம்பது ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்கினால் மீதி எவ்வளவு? குளத்து மடை எந்தப் பக்கம்? பேரன் பேத்தி பெயர் வரிசையாக? இதிலெல்லாம் தடுமாறினால், அதுவும் முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்று வீட்டில் சொன்னால், அப்போது தீவிரமாகப் பார்க்க வேண்டும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் தவறு. பி12 குறைபாடு, தைராய்டு மாதிரிக் காரணங்கள் சரிசெய்யக் கூடியவை.

தமிழ் தெரியாத தொழிலாளி வந்தால்?

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் கூடங்குளத்துக்கும் வடமாநிலங்களிலிருந்து நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். அவர்களை அழைத்துவரும் மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். சம்பளம் வராததுதான் தூக்கம் போனதற்குக் காரணம் என்றால், அதை மேஸ்திரி வாயால் எப்படிச் சொல்வது? தொலைபேசியில் அந்த மொழி தெரிந்த, சம்பந்தமில்லாத ஒருவரைப் பிடியுங்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவர்களிடம் மொழி ஒன்றுதானே என்று அவசரப்படவும் கூடாது. அவர்கள் பார்த்த போரும் கடந்த கடலும் நம் ஊர்க் கதையில் இல்லை. அவர்களே சொல்லும் வேகத்தில்தான் கேட்க வேண்டும்.

"இது எங்கள் வழக்கம்" என்று சொன்னால் குழு விட்டுவிடுமா?

விடக் கூடாது. அடிப்பதும் பூட்டி வைப்பதும் வழக்கத்தில் சேராது. இதற்கு மறுபக்கமும் உண்டு. "இந்தச் சமூகத்துப் பெண்கள் இப்படித்தான் கத்துவார்கள்", "மலைமேல் இருக்கிற காணிக்காரர்கள் இப்படித்தான் ஒதுங்கி இருப்பார்கள்" என்று பணியாளர் முடிவு கட்டிவிட்டால் உண்மையான நோய் கண்ணுக்கு முன்னால் தப்பிவிடும். ஒரே தெருவில், ஒரே வீட்டில் அண்ணன் கொடைக்கு வரி கொடுப்பார், தம்பி ஜெபக் கூட்டத்துக்குப் போவார், தங்கை எதையும் நம்பமாட்டாள். அதனால்தான் அவரவரிடம் கேட்கிறோம். நோய்ச் சீட்டில் 'மதம்: இந்து' என்று எழுதியதோடு நிறுத்தாமல், அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்து பார்க்கிறவருக்கு அதுதான் பயன்படும்.

"செத்தாத் தேவலை" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அதைப் பெரிதாக எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். சலிப்பில் வரும் பேச்சா, உண்மையில் நினைத்திருக்கிறாரா என்பது கேட்டால்தான் தெரியும். "சாகணும்னு நினைப்பு வருதா? எப்போ வந்துச்சு? என்ன செய்யணும்னு யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிவாருங்கள். முயன்று பிழைத்தவரைப் போலீஸ் கேஸ் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. மறைத்துச் செய்தால் மருந்தையும் மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும், அல்லது நிறுத்த வேண்டியிருக்கும். நோய் கட்டுப்பட்டு, இரு வீட்டுக்கும் தெரிந்து செய்யும் கல்யாணங்கள் நன்றாக நடக்கின்றன.

எங்கே போவது?

ஐகிரவுண்டு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தென்காசி, தூத்துக்குடி அரசு மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் உங்கள் பக்கத்துக்கு வருகிறது என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போனில் பேச 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கும் இலவசச் சேவை, இரவிலும் எடுப்பார்கள். வரும்போது பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மருந்தும், ஆள் முன்பு எப்படி இருந்தார் என்று சொல்லத் தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் கூட வரட்டும். கையில் கட்டியிருக்கும் மந்திரித்த கயிற்றையோ தாயத்தையோ கழற்றிவிட்டு வர வேண்டியதில்லை.